குளோபல் ஸ்டடீஸ் படிக்க நினைப்பவர்கள் முதலில் முக்கூடலுக்குப் போகவேண்டும்

(பாளையங்கோட்டையில் சமூக அறிவியல் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலையில் குளோபல் ஸ்டடீஸ், அதாவது நாட்டு எல்லைகளைத் தாண்டும் விஷயங்களைப் பல துறைகளைச் சேர்த்துப் பார்க்கும் படிப்பு, படிக்க எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு, விசா கிடைக்குமா என்றுதான் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடம் எதைப் பற்றிப் படிக்கப் போகிறீர்கள்? "உலகமயமாக்கல் பற்றி, சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்தால் தேர்வுக்குழு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடும்.

பீடி சுற்றும் நம் ஊர்களான முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமிருந்து வந்திருப்பவர்களுக்குப் பீடியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அம்மா சுளகை மடியில் வைத்துச் சுற்றுவார். சுற்றியதைக் கடையில் கொடுத்துவிட்டு இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வருவார். அந்த இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பழங்குடி மக்கள் பறித்தது. தூள் குஜராத்திலோ கர்நாடகத்திலோ விளைந்தது. சரி, எல்லாம் இந்தியாவுக்குள்ளேயே முடிந்துவிட்டதே, இதில் குளோபல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

2003 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடி ஒரு புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை ஏற்றன. இந்தியா 2004-இல் அதை உறுதி செய்தது. 2005 பிப்ரவரியில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் 17-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். புகையிலையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் கட்டுப்படியாகிற மாற்றுத் தொழில்களை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. நல்ல வாசகம்தான். முக்கூடலில் ஒரு தெருவுக்குப் போய், அந்தப் பிரிவு இங்கே வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். உங்கள் ஆய்வு அன்றைக்கே தொடங்கிவிட்டது. பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு எதை மாற்றாகக் கொடுப்பது? தையலா? வேன் வைத்து ஆள் கூட்டிப்போகிற மில்லா? பி.எஃப். பிடிக்கிற பீடி வேலையை விட்டுவிட்டு ஒரு பெண் ஏன் வரவேண்டும்? அவர் மகள் மட்டும் ஏன் சுளகைத் தொடமாட்டேன் என்கிறாள்?

இதில் பொருளாதாரம் இருக்கிறது, சர்வதேசச் சட்டம் இருக்கிறது, பொது சுகாதாரம் இருக்கிறது, பெண்ணின் உழைப்பு இருக்கிறது. ஒரு துறைக்குள் அடங்காத இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான் இந்தப் படிப்பே உருவானது.

பீடி வேண்டாம் என்றால் வேறு இருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 வருடக் குத்தகை ஒரு ஆய்வு. 1988-இல் சோவியத் யூனியனோடு கையெழுத்தான கூடங்குளம் ஒப்பந்தம் இன்னொன்று. ஒப்பந்தம் போட்ட நாடே கலைந்த பிறகும் உலை வந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகர் தோண்டியெடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போன கதையும் உண்டு. கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் 1941-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள்.

கேள்வி பிடிபட்டுவிட்டால் படிக்கும் இடங்களின் பட்டியல் சுருங்கிவிடும். வளைகுடாவுக்குப் போனவர்களைப் பற்றி என்றால் திருவனந்தபுரத்தை விட்டுவிடாதீர்கள். 1998 முதல் கேரளாவின் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு வளர்ந்த இடம் அங்கிருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். நமக்கு நாகர்கோவிலைத் தாண்டினால் வந்துவிடுகிறது. ஒப்பந்தங்கள், அரசுகள் என்றால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளி. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய படிப்பைப் பாருங்கள். கேப் டவுன், ப்யூனஸ் அயர்ஸ், பாங்காக், டெல்லி என்று மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் படிக்கும்படி அதை அமைத்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் படிப்பில் இரண்டு வருடத்துக்கு இரண்டு நாடு.

இப்போது பணம். "ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது" என்று ஏஜென்ட் சொல்வது பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடையாது. ஆனால் ஃப்ரைபுர்க் இருக்கும் மாநிலம் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதோடு விசாவுக்கு ஒரு வருடச் செலவை, இப்போதைக்கு 11,904 யூரோ, முன்கூட்டியே கணக்கில் போட்டு முடக்கிக் காட்டவேண்டும். எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும், போட்டி கடுமை.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்கள், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் போன்ற பிரிவினருக்கு உரியது. 2022-இல் அதன் விதியில் ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தியாவின் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது. நான் இவ்வளவு நேரம் ஊரிலிருந்து கேள்வியை எடுங்கள் என்றேன், அந்த விதி அந்த வாசலையே அடைக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு. அதனால் விண்ணப்பிக்கும் வருடத்து விதிகளை வரிவிடாமல் படியுங்கள்.

கேள்வியை விரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் குதுஸ் நகரத்தில் கிராம்பு போட்ட கிரெடெக் சிகரெட்டைப் பெண்கள் கையால் சுற்றுகிறார்கள். அந்த நாடு நான் சொன்ன ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. சேர்ந்த நாட்டில் முக்கூடல், சேராத நாட்டில் குதுஸ். இரண்டு ஊர்ப் பெண்களின் வாழ்க்கையில் ஒப்பந்தம் ஏதாவது வித்தியாசம் செய்ததா? இது உலகத்தில் எந்தப் பேராசிரியரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிற கேள்வி. அதற்கு இந்தோனேசிய மொழி வேண்டும், புள்ளியியல் வேண்டும். கணக்குக்குப் பயந்து சமூக அறிவியலுக்கு வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தப்பிக்க முடியாது. முதல் பருவத்திலேயே அந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஊருக்குத் திரும்பிக் கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று சேரும் முன்பே கேளுங்கள். விளம்பரத்தில் அரசியல் அறிவியல் என்று இருக்கும், உங்கள் சான்றிதழில் குளோபல் ஸ்டடீஸ் என்று இருக்கும். இரண்டும் சமம் என்று சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும். ஆசிரியர் வேலைதான் குறி என்றால், அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு என்று ஏதாவது ஒன்றில் முதுகலை முடித்துவிட்டு, ஆய்வுப் பட்டத்தில் குளோபலுக்குப் போவது மேல் என்பது என் அபிப்பிராயம். இங்கே இருக்கும் ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் மறுக்கட்டும், நீங்களும் கேளுங்கள். மைக்கைப் பின்வரிசையில் இருந்து ஆரம்பியுங்கள் தம்பி.