முட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு

(டர்பன், சாட்ஸ்வர்த்தில் ஒரு கோவில் மண்டபத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு முட்டி மாற்றும் ஆபரேஷன் நடப்பதற்கு முன்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பும் எலும்பும் உரசுது பாருங்க" என்றார், நாங்களும் எலும்பைத்தான் பார்த்தோம். முட்டிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கீழே இறங்கியது. அது சுண்ணாம்பு படிந்த ரத்தக்குழாய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தையல் போட்ட இடம்தான் மாதக்கணக்கில் ஆறவே இல்லை.

இப்படிக் குழாய் இறுகி, காலுக்கு ரத்தம் சரியாகப் போகாதவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ஆனால் முட்டிவலிக்காரர் அவ்வளவு தூரம் நடப்பதே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்? நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு, சிகரெட்டும் சேர்ந்தால் குழாய் இன்னும் சீக்கிரம் அடைக்கும். முட்டி ஆபரேஷனில் பெரும்பாலும் தொடையில் பட்டை கட்டி, காற்றடித்து, ரத்தத்தை ஒரு மணி நேரம்கூட நிறுத்தி வைப்பார்கள். நல்ல குழாய் அதைத் தாங்கும். இறுகிப்போன குழாயும், முன்பே ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்த குழாயும் தாங்காமல் அடைத்துக்கொள்ளலாம், அதனால் காலில் ஸ்டென்ட் இருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரி, என்ன கேட்க வேண்டும்? பாதத்தின் மேல்புறமும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே மேல்புற நாடி கிடைக்காது, பயப்பட வேண்டாம். சந்தேகம் வந்தால் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடுவார்கள்: கையை 1 என்று வைத்தால் கணுக்கால் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. 1.4-க்கு மேலே போனால் குழாய் இறுகிவிட்டது, அந்த அளவை நம்பக் கூடாது, ஸ்கேன் வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி நடக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வேறொரு கவலை, காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைவது. அதற்குத்தான் ஊசியோ மாத்திரையோ தருகிறார்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள் வரைகூட. வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செருப்பை வெளியே விட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். பின்னால் மேசையில் நர்ஸ் அக்கா இருக்கிறார், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் முதலில் வாருங்கள், நாடி பார்த்துவிடலாம்.