போனைக் கீழே வை என்று சொல்வது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

லண்டனைச் சேர்ந்த 'சூப்பர்ஆர்கனிசம்' இசைக்குழு 2022இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் 'வேர்ல்ட் வைட் பாப்'. அது இணைய வாழ்வைக் கொண்டாடுகிறது என்பது எங்கள் அணி. சாடுகிறது என்பது எதிரணி.

ஒரு பெண்ணின் கதை கேளுங்கள். ஒரோனோ நொகுச்சி, இந்தக் குழுவின் பாடகி. பிறந்தது ஜப்பான், படித்தது அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். ஒருநாள் யூடியூப் தானாகவே ஒரு நியூசிலாந்துக் குழுவின் பாட்டை அவருக்குக் காட்டியது. பிடித்துப்போனது. பிறகு ஜப்பானுக்குப் போயிருந்த சமயம் அந்தக் குழுவும் அங்கே கச்சேரிக்கு வந்தது. போய்ப் பார்த்தார், நட்பானார்கள். அவர்களில் சிலர் பின்னாளில் லண்டனிலிருந்து வெறும் மெட்டை அவருக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 17 வயது. ஸ்டூடியோ கிடையாது. மடிக்கணினி முன் உட்கார்ந்தார், சொல் எழுதினார், பாடினார், பதிவுசெய்து திருப்பி அனுப்பினார். அதுதான் இந்தக் குழுவின் முதல் பாட்டு!

மறுபடியும் சொல்கிறேன், நடுவர் அவர்களே. மெட்டு லண்டனில், குரல் மெய்னில், பாடிய பிள்ளை ஜப்பானில் பிறந்தவள். கூட்டிவைத்தது யூடியூப். இந்த வயிற்றில் பிறந்த குழுவா இணையத்தைச் சாடும்?

எதிரணி நண்பர் கேட்டார்: "இந்த ஆல்பத்திலேயே 'புட் டவுன் யுவர் போன்' என்று பாட்டு இருக்கிறதே! போனைக் கீழே வை என்பவர்கள் போனைக் கொண்டாடுகிறார்களா? குடிகாரன் மதுவிலக்குப் பேசுவது போல!" அரங்கமே சிரித்தது.

நண்பரே, உங்கள் வீட்டில் போனைக் கீழே வை என்று சொல்வது யார்? அம்மா. அம்மா போனுக்கு எதிரியா? தட்டில் சோறு ஆறுகிறது, எதிரில் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை திரையைத் தேய்க்கிறான். அதற்குத்தான் அந்த வார்த்தை. இந்தக் குழுவும் அதே உரிமையில்தான் சொல்கிறது. அந்தப் பாட்டு இருக்கும் அதே ஆல்பத்தில்தான் ஜப்பானியப் பாடகர் கென் ஹொஷினோவும் அமெரிக்கப் பாடகர் ஸ்டீபன் மால்க்மஸும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். வெறுப்பவர்கள் இப்படியா ஊர் கூட்டுவார்கள்?

என் அம்மாவும் தினமும் அதட்டியவர்தான். வேலைக்காக நான் ஊரைவிட்டுப் போன முதல் இரவு, அவரே அழைத்தார். சாப்பிட்டாயா என்றார், பாய் இருக்கிறதா என்றார், மறுபடியும் சாப்பிட்டாயா என்றார். அப்புறம் பேச்சே இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"போனை வைக்கட்டுமா அம்மா?" என்றேன்.

"வைக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே இரு" என்றார்.