வயிற்றில் இரட்டைப் பிள்ளை: ஒரே அச்சா, வேறு வேறா?

[திரையில்: விடியற்காலை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், பழைய லயத்து வீடுகள்.]

வணக்கம். என் பாட்டி இந்தத் தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவர். இரட்டைப் பிள்ளை பிறந்தால், நஞ்சுக்கொடியை எனாமல் பேசினில் போட்டுப் புரட்டிப் பார்ப்பாராம். ஒன்று இருந்தால், "ரெண்டும் ஒரே அச்சு." இரண்டு இருந்தால், "வேற வேற." என் மாமாக்கள் இருவரும் இரட்டையர். நஞ்சு இரண்டு என்பதால் "வேற வேற" என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் தண்டலுக்குக் கடைசிவரை இவர் யார், அவர் யார் என்று தெரியவே இல்லையாம். அவ்வளவு உருவ ஒற்றுமை.

பாட்டி பார்த்த இடம் சரிதான். இன்றைக்கு டாக்டர் ஸ்கேனில் தேடுவதும் நஞ்சுக்கொடியைத்தான். ஆனால் இரண்டு நஞ்சு என்றால் வேறு வேறு என்பது எப்போதும் சரியாக வராது.

[திரையில்: கரு பிரியும் படம்.]

இரண்டு முட்டை தனித்தனியாகக் கருவானால் அவை வேறு வேறு பிள்ளைகள். ஒரே நேரத்தில் வயிற்றில் வளரும் அக்காள் தங்கை மாதிரி. ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வளர்ந்தால், நஞ்சு இரண்டும் சேர்ந்து பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். பேசினில் பார்த்தாலும் ஏமாற்றும்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால்தான் ஒரே அச்சு. இங்கே கருவாகி எத்தனையாவது நாளில் பிரிந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சு, இரண்டு பனிக்குடம். ஒரே அச்சுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான். என் மாமாக்களும் இந்தக் கூட்டமாக இருக்கலாம். 4 முதல் 8 நாளுக்குள் பிரிந்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. பெரும்பாலும் நடப்பது இதுதான். அதற்கும் பிந்திப் பிரிந்தால் பனிக்குடமும் ஒன்றே. அது அபூர்வம், நூற்றில் ஒன்று இருக்கும்.

சரி, அப்போது ஸ்கேன் என்ன சொல்லும்? நஞ்சைக் கொங்சி போடுகிறார்கள், அதாவது பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்றால் அநேகமாக எப்போதும் ஒரே அச்சுதான். நஞ்சு தனித்தனி, ஒன்று ஆண் ஒன்று பெண் என்றால் வேறு வேறு. நஞ்சு தனித்தனி, இரண்டும் ஆண் அல்லது இரண்டும் பெண் என்றால் ஸ்கேனால் சொல்ல முடியாது. அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கும் பிள்ளைகளின் டிஎன்ஏவைப் பார்த்துச் சொல்லும் சோதனை தனியாரிடம் இருக்கிறது, ஆனால் மலிவு இல்லை. பிறந்த பிறகு கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தும் பார்க்கலாம். அதற்கு அவசரம் கிடையாது.

நஞ்சைக் கொங்சி போடுகிறார்களா என்பதற்குத்தான் அவசரம். ஒரே நஞ்சில் இரண்டு பிள்ளைக்கும் ரத்தக் குழாய்கள் இணைந்திருக்கும். சில சமயம் ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குக் கூடுதலாகப் போய்விடும். ஒன்று பனிக்குடத்தில் தண்ணீர் வற்றி நிற்கும், மற்றது தண்ணீர் மிஞ்சித் திணறும். நஞ்சைப் பங்கிடும் 100 கர்ப்பத்தில் 10 முதல் 15 வரை இது வரும். அதனால்தான் 16 வாரத்திலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சை உண்டு. இடையில் வயிறு திடீரென்று உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, அடுத்த அப்பாயின்மெண்ட்வரை காத்திருக்காதீர்கள்.

[திரையில்: செம்பனை மட்டை மரத்தோடு சேரும் இடம், மிக அருகில்.]

இந்த மட்டையைப் பாருங்கள். மரத்தோடு சேரும் இடத்தில் அடி அகன்று, ஆப்பு வைத்தது போல இருக்கிறது. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் உள்ள சவ்வு நஞ்சைத் தொடும் இடம் ஸ்கேனில் இப்படித் தெரிந்தால் நஞ்சு இரண்டு. இதை லாம்டா அடையாளம் என்பார்கள். சுவரில் அடித்த ஆணி போல, மெல்லிசாக நேரே போய்ச் சேர்ந்தால் நஞ்சு ஒன்று. அது டி அடையாளம்.

இது நன்றாகத் தெரிவது, கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. அப்புறம் அந்த ஆப்பு சிலருக்கு மங்கிப்போகும்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுடும்" என்று வாயைக் கட்டி வைக்கிறோம். கிளினிக்கில் பதிவதையும் தள்ளிப்போடுகிறோம். என் அண்ணி அப்படித்தான் ஐந்தாம் மாதம் போனார். இரட்டை என்று தெரிந்தது, இரண்டும் பெண். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது தெளிவாகத் தெரியவில்லை. தெரியாத நிலையில் கொங்சி என்றே வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ஈப்போ வரை. அண்ணனுக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் சம்பளம் போனது. ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளைகள் நலமாகப் பிறந்தார்கள்.

ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

[திரையில்: பிங்க் புத்தகத்தின் ஒரு பக்கம்.]

ஸ்கேன் அறையில், "கொங்சி ஊரி கே?" என்று கேளுங்கள். மலாயில் ஊரி என்றால் நஞ்சு. கர்ப்பக் கவனிப்பைப் பதியும் இந்தப் பிங்க் புத்தகத்தில் டிசிடிஏ என்று எழுதினால் நஞ்சும் தனி, பனிக்குடமும் தனி. எம்சிடிஏ என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. எம்சிஎம்ஏ என்றால் இரண்டும் பொது. தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் பெரிய ஆஸ்பத்திரியின் நேரடிக் கவனிப்பு வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் எழுதியில்லை என்றால், அறையை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டு எழுதி வாங்குங்கள்.