கடைசித் தண்டவாளத்தில் நிற்பவை

நேயர்களுக்கு வணக்கம். ரயில் பார்ப்பது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தடதடவென்று வந்து கண் இமைப்பதற்குள் கடந்துபோகும் வண்டிதான். நான் இன்று பேச வந்தது, இன்ஜின்களையும் பெட்டிகளையும் நிறுத்திவைத்துப் பிரித்துச் சேர்க்கும் யார்டின் ஓரத்தில், கடைசித் தண்டவாளத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இன்ஜின்களைப் பற்றி. ரயில்மேல் பிரியம் கொண்ட எங்களைப் போன்றவர்கள் வேலிக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

அசையாமல் நிற்கும் இரும்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் சக்கரம், தண்டவாளத்தில் படும் இடத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஒரு மழை பெய்து, இரண்டு நாள் நகராமல் நின்றால் போதும், அங்கே மஞ்சள் கலந்த பழுப்பில் துரு பூக்க ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் நின்றால் கருஞ்சிவப்பாகிவிடும். அடியில் இருக்கும் தண்டவாளத்துக்கும் அதே நிறம் ஏறியிருக்கும். மேலே பெயிண்ட் புதிதாக இருக்கலாம், எண் பளிச்சென்று தெரியலாம். எத்தனை நாளாக நிற்கிறது என்பதைச் சக்கரம்தான் சரியாகச் சொல்லும்.

அப்புறம் புகைபோக்கி. டீசல் இன்ஜினை நெடுநாள் நிறுத்தப் போகிறார்கள் என்றால் அதன் வாயைத் தகரத்தாலோ தார்ப்பாயாலோ மூடி வைப்பார்கள். திறந்து கிடந்தால் மழைத் தண்ணீர், இயந்திரத்துக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கலாம். தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. அது உள்ளே இருப்பது தெரியாமல் இயந்திரத்தைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துபோகும். நீராவிக் காலத்திலும் இந்த அக்கறை இருந்தது. பிரிட்டனில் நிறுத்தி வைத்த நீராவி இன்ஜின்களின் புகைபோக்கியைச் சாக்குத் துணியால் கட்டி, சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் கிரீஸ் பூசி வைத்தார்கள். மூடி போட்டு நிறுத்தியிருந்தால், திரும்ப எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் தேடுவது அந்த மூடியைத்தான்.

மூடி இல்லாமல், ஹாரன் கழற்றி, பெட்டியோடு இணைக்கும் கப்ளிங்கின் தாடை போன்ற முன்பாகத்தையும் எடுத்து, பக்கக் கதவுகள் திறந்தபடி நிற்கும் இன்ஜினைப் பார்த்தால் மனசு கனத்துவிடும். ஓடுகிற இன்ஜின்களுக்காக அதிலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் ‘கண்டம்’ ஆகிவிட்டது என்பார்கள், அதாவது இனி ஓட லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கண்டம் என்று எழுதுவதற்கு முன்பே பாகம் கழற்ற ஆரம்பித்துவிடுவதும் உண்டு. போன வாரம் இருந்த ஒரு பாகம் இந்த வாரம் இல்லை என்பதைக் கவனித்துக் குறித்து வைப்பது ஒரு ரசிகர் செய்யக்கூடிய உருப்படியான வேலை என்று நான் நம்புகிறேன். அலுவலகப் பதிவேட்டில் தேதி மட்டும் இருக்கும். அந்த இன்ஜின் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்பது இந்த மாதிரி நோட்டுகளில்தான் மிஞ்சும்.

யார்டில் ஆளில்லாமல் நிற்பதெல்லாம் தூங்குகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காது கொடுத்துக் கேட்க வேண்டும். வட அமெரிக்க டீசல் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றின் ரேடியேட்டரில், நம் கார்களில் ஊற்றுவது போல உறையாமல் தடுக்கும் திரவம் ஊற்றுவதில்லை. வெறும் தண்ணீரும் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனமும்தான். கடுங்குளிரில் இயந்திரத்தை அணைத்தால் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும். அதனால் இரவு முழுக்க அதை ஓடவிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுவார்கள். பனிக்கால இரவில் யாருமில்லாத யார்டில் ஓர் இன்ஜின் தனியாக உறுமிக்கொண்டிருந்தால், காரணம் இதுதான்.

சத்தத்தை வைத்தே இன்ன வகை என்று சொல்லிவிடலாம். எஸ்டி 40-2 என்ற அமெரிக்க இன்ஜினில் 16 சிலிண்டர், 3000 குதிரைத்திறன், இரண்டு வீச்சு இயந்திரம், அதாவது பிஸ்டன் இரண்டு முறை நகர்ந்தாலே ஒரு சுற்று முடிந்துவிடும். இடைவெளியே தெரியாமல் ஒரே சீராக முனகும். ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 251 வகை இயந்திரம் நான்கு வீச்சு. நின்ற இடத்தில் ஓடும்போது குதிரை துள்ளிப் போவது போல ஒரு தாளம் கேட்கும். வேகம் கொடுத்தவுடன் டர்போ சுற்றி வேகம் பிடிக்கிறவரை காற்று போதாமல் கரும்புகை கக்கும். ஆல்கோ 1969-இல் இன்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆனால் அதனிடம் உரிமம் பெற்று வாரணாசியில் கட்டிய ஆல்கோ வழி இன்ஜின்கள் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தன. பெற்ற நிறுவனம் போன பிறகும் பிள்ளைகள் ஓடின.

ஏன் நிறுத்துகிறார்கள்? சரக்கு குறைந்தால் வரிசை நீளும். 2008-09 பொருளாதாரச் சரிவின்போது அமெரிக்க ரயில் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான இன்ஜின்களை ஓரங்கட்டின. மேலே மின்கம்பி வந்துவிட்டால் டீசலுக்கு வேலை குறையும். அந்த ஊரில் வியாபாரம் எப்படி இருக்கிறது என்பதை யார்டின் கடைசித் தண்டவாளத்தைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

நின்றுபோனது திரும்ப ஓடுமா என்று கேட்டால், தெற்கு வேல்ஸில் உள்ள பாரி என்ற ஊரைச் சொல்வேன். அங்கே வுட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்குக்கு உடைப்பதற்காக 297 நீராவி இன்ஜின்கள் வந்தன. சரக்கு வேகன்களை உடைப்பது சுலபம் என்பதால் அவற்றை முதலில் உடைத்தார்கள். இன்ஜின்கள் கடற்காற்றில் துருப்பிடித்தபடி வருஷக்கணக்கில் காத்திருந்தன. அந்த அவகாசத்தில் ரசிகர்கள் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கினார்கள். 213 இன்ஜின்கள் தப்பின. அமெரிக்காவின் பிக் பாய் 4014 என்ற நீராவி இன்ஜின் இன்னொன்று. 1941-இல் கட்டி, 1961-இல் ஓய்வு கொடுத்து, கலிபோர்னியாவில் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய 540 டன். 2013-இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அதைத் திரும்ப வாங்கியது. 2019 மே மாதம் அது சொந்த நீராவியில் ஓடியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நல்ல படம் வேண்டும் என்று வேலி தாண்டாதீர்கள். மேட்டிலிருந்து தள்ளிவிடும் யார்டுகளில் வேகன்கள் இன்ஜினே இல்லாமல், ஏறக்குறைய சத்தமே இல்லாமல் தானாக உருண்டு வரும். முதுகுக்குப் பின்னால் வந்தால் தெரியவே தெரியாது. அமெரிக்காவின் நார்த் பிளாட்டில் உள்ள பெய்லி யார்டு, வேகன்களைப் போகுமிடம் பார்த்துப் பிரிக்கும் யார்டுகளில் உலகிலேயே மிகப் பெரியது. அங்கே பார்வையாளர்களுக்காக எட்டு மாடி கோபுரமே கட்டியிருக்கிறார்கள். கோபுரம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாலமும் பைனாகுலரும் போதும்.

எனக்கும் அப்படி ஒரு மேம்பாலம் உண்டு. கீழே நின்ற வரிசையில் மூன்றாவதாக, 47 என்று எண் முடியும் ஓர் இன்ஜின் இருந்தது. ஆறு அச்சு. புகைபோக்கியில் மூடி. ஒரு காலை போனபோது அந்த இடம் காலி. துருப்பிடித்த தண்டவாளத்தில் சக்கரங்கள் நின்ற ஆறு இடங்களில் மட்டும் காசு அகலத்துக்குத் துரு ஏறாத தடங்கள். உடைக்கத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்து, நோட்டில் கோடு போட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சரக்கு வண்டி பாலத்துக்கு அடியில் வந்து சிக்னலுக்காக நின்றது. முன்னால் அதே 47. புகைபோக்கியின் மூடி போயிருந்தது, மேலே வெப்பத்தில் காற்று நெளிந்தது. பைனாகுலரைச் சக்கரத்துக்கு இறக்கினேன். விளிம்பில் இன்னும் பழைய கருஞ்சிவப்பு. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளிக் கோடு போல ஒரு பளபளப்பு. சிக்னல் விழுந்ததும் பாலம் முழுக்கப் புகை சூழ்ந்தது. நோட்டில் அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.

நன்றி, வணக்கம்.