குளியலறைப் பாட்டும் அறையின் குரலும்

வணக்கம். குளியலறையில் பாடினால் யார் குரலும் எடுப்பாகத்தான் இருக்கும். அதே பாட்டைக் கூடத்துக்கு வந்து பாடிப் பாருங்கள், அந்தக் கனம் இருக்காது. காரணம், ஓசையைத் திருப்பியனுப்பும் சுவர்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால், நொடிக்குச் சுமார் 115 அதிர்வுள்ள சுரம் அங்கே தூக்கலாகக் கேட்கும். ஆண்கள் சாதாரணமாகப் பேசும் சுருதி அது. ஒவ்வோர் அறைக்கும் இப்படிப் பிடித்த சுரங்கள் உண்டு.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் இதை மட்டுமே வைத்து ஒரு படைப்பு செய்தார். பெயர், 'நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்'. சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். அதை ஒலிக்கவிட்டு இன்னொரு பதிவு. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த சுரம் வலுக்கும், மற்றவை மங்கும். 1980இல் செய்த பதிவில் 32 சுற்று, ஏறக்குறைய 45 நிமிடம். லூசியருக்குத் திக்குவாய். அதையும் அந்த வாக்கியங்களிலேயே சொல்கிறார். 'ரிதம்' என்ற சொல்லிலேயே திக்குகிறார். போகப்போகச் சொற்கள் கரைந்து வெறும் ரீங்காரம் ஆகிவிடும். அவர் நின்று நின்று பேசிய தாளம் மட்டும் கடைசிவரை நிற்கும். மறுபடி சொல்கிறேன், சொல் போய்விடும், தாளம் போகாது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கைபேசி, ஒரு சிறிய ஸ்பீக்கர் போதும். சாமான் குறைவான அறையாகப் பாருங்கள். திரைச்சீலையும் மெத்தையும் ஓசையைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று அதன் இரைச்சலும் சேரும். ஒரு கைபேசி ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கட்டும், பதிவு செய்யும் கைபேசி ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒலியை ரொம்பவும் ஏற்றாதீர்கள். முதல் சுற்றில் விழும் கரகரப்பு பத்தாவது சுற்றில் எல்லாவற்றையும் மூடிவிடும். பலர் இடறுவது இன்னோரிடத்தில்: கைபேசியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் தேடுகிற அறையோசையைத்தான் அது இரைச்சல் என்று வெட்டும். பத்துச் சுற்றாவது பொறுங்கள்.

இதெல்லாம் சங்கீதமா, பொருளே இல்லையே என்பார்கள். ராக ஆலாபனையில் சொல் இல்லை என்று நாம் குறைப்பட்டதுண்டா?

இப்படிச் சொல் இல்லாமலும் பாடிய ஜாஸ் பாடகிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒருவரை மட்டும் சொல்கிறேன், ஆபி லிங்கன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில், 1960இல், டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சோடு நியூயார்க்கில் பதிவு செய்த 'டிரிப்டிக்' கேளுங்கள். குரலும் டிரம்ஸும் மட்டும், சொல்லே கிடையாது. பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என மூன்று பகுதி. நடுப்பகுதியில் அவர் அலறுவார். அங்கே ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். அந்த அலறலைக் கேட்டால்தான், மூன்றாம் பகுதியில் வரும் குரல் எவ்வளவு களைத்திருக்கிறது என்று தெரியும்.

வணக்கம்.