பானை நிரம்பவில்லை, காலியாகவும் இல்லை

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். கஷ்டகாலத்தில் விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் பெரிதும் கைகொடுப்பது மனித முயற்சியா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்கிற நம்பிக்கையா? நம்பிக்கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "பைபிளில் வருகிற சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மாவு தானாக ஊறியது என்கிறீர்களே, அப்புறம் எதற்கு ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறீர்கள்?" இதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்காரப்போவதில்லை.

தம்பி, அந்தச் சம்பவத்தை நிதானமாகப் பார்ப்போம். மூன்றரை வருஷம் மழை இல்லை. எலியா தீர்க்கதரிசி ஒதுங்கியிருந்த கேரீத் ஆறே வற்றிவிட்டது. பசித்திருக்கிற அந்த மனுஷனை ஆண்டவர் எங்கே அனுப்புகிறார்? பண்ணையார் வீட்டுக்கா? நெல் குதிர் நிறைந்த வீட்டுக்கா? அந்நிய தேசமான சீதோனில் ஒரு விதவை வீட்டுக்கு. அவள் ஊர் வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எத்தனை விறகு? இரண்டு. அம்மாமார்களே, அடுப்பு மூட்டுகிற உங்களுக்குத் தெரியும். நாளைக்கும் உலை வைக்கிறவள் ஒரு கட்டாவது பொறுக்குவாள். இவள் இரண்டே இரண்டு குச்சி பொறுக்குகிறாள். ஏன்? நாளைக்குச் சமையல் இல்லை. ஒரு பிடி மாவு, கலயத்தின் அடியில் கொஞ்சம் எண்ணெய். அடை சுட்டு, நானும் என் மகனும் தின்றுவிட்டுச் சாகப்போகிறோம் என்று அவளே வாய்விட்டுச் சொல்கிறாள்.

அவளிடம் இவர், "முதலில் எனக்கு ஒரு சின்ன அடை சுட்டுக் கொண்டுவா" என்கிறார். முதலில்! பெற்ற பிள்ளைக்கு முன்னால்! எந்தத் தாய்க்கு மனசு வரும்? எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று வேதம் சொல்லவில்லை. போனாள், சுட்டாள், கொடுத்தாள்.

சரி, தம்பி சொன்ன மாதிரி மாவு பொங்கி வழிந்ததா? பானை நிரம்பியதாக ஒரு வரிகூடக் கிடையாது. தீரவில்லை, அவ்வளவுதான். கையை விட்டால் அன்றைக்கு வேண்டியது இருந்தது. விறகு பொறுக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். நாளைக்கு இருக்குமா என்கிற பயத்தை ஒவ்வொரு ராத்திரியும் தாண்ட வேண்டும். அந்தப் பயத்தோடேயே ஊர் பேர் தெரியாத ஒருவருக்கும் சேர்த்துச் சுட்டாளே, அதைத்தான் நான் நம்பிக்கை என்கிறேன். ரேஷன் வரிசையில் நிற்கிற தாய்க்கும் அதே நம்பிக்கைதான் காலில் பலம் கொடுக்கிறது.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். பண்டித ரமாபாய் நேற்று வாழ்ந்தவர். 1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது அப்பா, அம்மா, அக்கா மூவரையும் அடுத்தடுத்து இழந்தார். 1882இல் கணவரும் போய்விட்டார். கையில் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. அநாதையும் அவரே, விதவையும் அவரே. 1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்றதும் என்ன செய்தார் தெரியுமா? பஞ்சம் என்றாலே குலை நடுங்க வேண்டிய அந்தப் பெண் அங்கேயே நேரில் போனார். சாகக் கிடந்த பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் சேர்த்தார். 1900வாக்கில் அங்கே அவர் நடத்திய முக்தி இல்லத்தில் சுமார் 1,500 பேர்! உழைப்பு அவருடையதுதானே என்று தம்பி கேட்பார். ஆமாம், அவருடையதுதான். ஆனால் வரவு செலவுக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் முதல் பத்துப் பேரோடு நிறுத்தியிருப்பார். ஆண்டவர் தருவார் என்று நம்பினதால் அடுத்த பிள்ளைக்கும் கதவைத் திறந்தார்.

ஐயா மணி அடிக்கிறார். ஒரே நிமிஷம் கொடுங்கள்.

என் அப்பா தவறியபோது எனக்கு ஒன்பது வயது, தங்கை கைக்குழந்தை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். சாயங்காலம் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, மூடி துருப்பிடித்த ஒரு பால்பவுடர் டப்பாவில் போடுவார். கோயிலுக்குப் பிடியரிசி. சபை நடத்திய போர்டிங் பிள்ளைகளுக்குப் போகும். ஒருநாள் பசியில் சண்டை போட்டேன், "நமக்கே இல்ல, எதுக்கும்மா?" என்று. "அங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைங்க இருக்குடா" என்றார். அடுத்த ஜூன் மாதம், முடியாமல் போய், என்னை அதே போர்டிங்கில்தான் சேர்த்தார். ஊரெல்லாம் போட்ட பிடியரிசியைத் தின்று பத்தாவது வரை படித்தவன் உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறேன்.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில். இந்த வருஷம் கணவரைப் பறிகொடுத்துவிட்டு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காமாரே, பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்வது என்று தனியாக அழாதீர்கள். வீட்டுக்குப் போகும்முன் சபை மூப்பரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். என் அம்மாவும் கேட்டார். நன்றி, வணக்கம்.