குழாய் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்

வணக்கம். பிறவியிலேயே இதயக் குறையுள்ள சில பிள்ளைகளுக்கு நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி ஒடுங்கியோ அடைத்தோ இருக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படியான பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலேயே, கைக்குப் போகும் நாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு ஒரு குழாயைத் தைத்துவிடுகிறார்கள். அதன் உள்விட்டம் பெரும்பாலும் 3 அல்லது 3.5 மில்லிமீற்றர்தான்.

1944இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வைத்தியர்கள் பிளாலொக், டவுசிக், ஆய்வுகூட உதவியாளர் விவியன் தோமஸ் ஆகியோர் இதை முதலில் செய்தபோது பிள்ளையின் சொந்த நாடியையே இணைத்தார்கள். இப்போது வைப்பது செயற்கைக் குழாய். கையின் இரத்தவோட்டம் கெடாது, நல்லதுதான். ஆனால் இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டால், குளத்துக் கல்லில் பாசி பிடிப்பதுபோல அந்தக் குழாயில் ஒட்டிப் படலமாகப் படிந்துவிடும். அன்டிபயோட்டிக் அந்தப் படலத்துக்குள் சரியாக வேலை செய்யாது. காய்ச்சல் விடும், மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும். தையல் விட்டு இரத்தம் கசியலாம், குழாய் அடைக்கவும் கூடும். அதனால் குழாயையே மாற்ற வேண்டி வருகிறது.

அது லேசான காரியமில்லை. நுரையீரலுக்கு அந்தக் குழாய் ஒன்றுதான் வழி என்றால், அதை மூடிய உடனே ஒட்சிசன் இறங்கும். ஆகவே கிருமி படாத வேறு இடத்தில் புதுக் குழாயைப் பொருத்தியோ, இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடோதான் பழையதை எடுப்பார்கள். பிள்ளை வளர்ந்திருந்தால் அடுத்த கட்டச் சத்திரசிகிச்சையையே செய்வதும் உண்டு. அப்புறமும் கிழமைக்கணக்கில், பெரும்பாலும் 6 கிழமை வரை, ஊசி மருந்து. அத்தனை நாளும் தாயும் வார்ட்டில்தான்.

எனக்குப் பெரிய பயம், காய்ச்சல் என்றதும் பார்மசியில் வாங்கிக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் பாணி மருந்து. அது கிருமியை முழுதாகக் கொல்லாது, இரத்தத்தில் கிருமியைத் தேடும் பிளட் கல்ச்சர் பரிசோதனையில் தெரியாதபடி மறைத்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்தைத் தெரிவுசெய்வதும் கஷ்டம். வாகரையோ, வெல்லாவெளியோ, பொத்துவிலோ, எங்கிருந்தாலும் டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். "பிள்ளைக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கு" என்று வாசலிலேயே சொல்லுங்கள். மருந்து ஏற்ற முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாச்சா என்று கேளுங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காயத்தில் சீழ் கண்டாலோ தாமதிக்க வேண்டாம். திடீரென்று நீலம் கூடினால் குழாய் அடைத்திருக்கலாம், உடனே வாகனம் பிடியுங்கள். அஸ்பிரின் எழுதித் தந்திருந்தால், வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்த வேண்டாம்.